ஒயர் மட்டும்தான் அறுந்திருந்தது

பெடலில் கிட்டாரே சொருகவில்லை. இருந்தும் ஸ்பீக்கருக்குள் துணி உரசிக்கொண்டிருந்தது.

நாகேந்திரன் முதலில் மேசை விசிறியைச் சந்தேகப்பட்டான். எழுந்துபோய் அதை நிறுத்தினான். விசிறி நின்றது, உரசல் நிற்கவில்லை. கஞ்சி போட்ட சட்டையின் பைக்குள் ஏதோ கனமான சாமான் கிடந்து, ஆள் அசையும்போதெல்லாம் துணியோடு தேய்வதுபோல, சர்ரக், சர்ரக் என்று ஒரே நிதானத்தில் வந்துகொண்டிருந்தது. வெளியே கத்திரி வெயில். குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆண்கள் பாக்டரிக்கும் பெண்கள் தூக்கத்துக்கும் போய்விட்ட பன்னிரண்டரை மணி. அவனுடைய அப்பாவும் அம்மாவும் கல்யாணம் ஒன்றுக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுப்பவன் அவன். பேய்க்கு நடுராத்திரிதான் நேரம் என்று நம்பி, அந்த நேரத்தில் முன்னூறு பேரோடு வெளிச்சத்தில் வேலை பார்ப்பதால் தனக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று நிம்மதியாக இருந்தவன். உச்சிவெயிலை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

'ஜெர்மேனியம். சூடு ஏறினா உளறும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அது உண்மையும்கூட. அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு வெயில் ஆகாது. காலையில் ஒரு குரல், மத்தியானத்தில் வேறு குரல். ஆனால் அது உளறினால் இரைச்சலாக உளறவேண்டும். சட்டைப் பையாக உளறக்கூடாது.

அவன் பெடலைக் காலால் தள்ளி கட்டிலுக்கடியில் விட்டான். இந்தப் பெடலை அவன் செய்த கதை இது.

ராஜசேகரன் நடத்திய மெல்லிசைக் குழுவில் நாகேந்திரன் லீட் கிட்டார். எண்பத்தெட்டாம் வருஷம் அந்தக் குழுவில் டிரம்ஸ் இருந்தது, கீபோர்டு இருந்தது, எக்கோ மைக் இருந்தது, எக்கோ இல்லாவிட்டால் பாடவே தெரியாத பாடகர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ரிக்கார்டில் கிட்டார் உறுமுமே, அந்த உறுமல் மட்டும் இல்லை.

"இன்னா மாமே, ரிக்கார்டுல கிட்டாரு கடிக்க வருது. உன்னுது வெள்ளிக்கிழம வீணை கிளாஸ் மாரி கீது" என்று ராஜசேகரன் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

கிட்டாரை உறுமவைக்கும் வெளிநாட்டுப் பெடலை வாங்கித் தர துபாயில் ஆள் வேண்டும். நாகேந்திரனுக்கு ஆவடியில் மட்டும்தான் ஆட்கள். ஆகவே தானே செய்யக் கிளம்பினான். இரவல் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஷிப்ட் சீட்டின் பின்பக்கம் சர்க்யூட்டை வரைந்துகொண்டான். இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், மூன்று கப்பாசிட்டர். சுவரில் பதிக்கும் இரும்பு சுவிட்ச் பெட்டியை உடம்பாக்கினான். ஜீப்பில் ஹெட்லைட்டை மங்கவைக்கக் காலால் அமுக்குவார்களே, அந்தச் சுவிட்சைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து மேலே பொருத்தினான். மிதித்தால் டொக் என்று ராணுவ மரியாதையோடு சத்தம் வரும். டிரான்சிஸ்டர்தான் வாய்க்கவில்லை. பத்திரிகை ஜெர்மேனியம் கேட்டது. கடைக்காரர்களோ, "அதெல்லாம் போயே போச்சு சார், இப்ப சிலிக்கான்தான்" என்று கையை விரித்தார்கள். சிலிக்கானைப் போட்டு ஒத்திகைக்குக் கொண்டுபோனான்.

"டின்னுக்குள்ள குளவி பூந்துட்சா?" என்றான் ராஜசேகரன்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுத் திருவேங்கடம் வந்து நின்றார்.

திருவேங்கடத்துக்குப் பட்டறையில் வேலை. இருபத்திரண்டு வருஷம் ராட்சச சுத்தியல் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் பாக்டரிக்கே கொடுத்துவிட்டவர். சிகரெட் பெட்டி அளவில் மைக் வைத்த காது கேட்கும் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் பீடிக்கட்டோடு வைத்து, அதிலிருந்து ஒயரை இழுத்துக் காதில் மாட்டியிருப்பார். அதை அவர் மிஷின் என்பார். மிஷின் போட்டபின் அவருக்கு உலகத்தின்மேல் பிரியம் கூடிவிட்டது. குழாயடிச் சண்டையைக்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் நகருவார்.

"தம்பி! ஒயரு பூட்சி!" என்று, செவிடர்களுக்கே உரிய பெருங்குரலில் கத்தினார். "காலீலேர்ந்து ஊரே செத்த மாரி கீது. கன்னியம்மா திட்றது கேக்கல, அது ஒரு சொகம்தான். ஆனா தண்டவாளம் தாண்டச் சொல்ல உதறுதுபா. சட்னு பாத்துக் குடு!"

ஒயர் மட்டும்தான் அறுந்திருந்தது. பற்றவைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் மூடியைத் திறந்ததும் நாகேந்திரன் உள்ளே பார்த்துவிட்டான். வெள்ளித் தொப்பி போட்ட மூன்று சின்ன டிரான்சிஸ்டர்கள். மூன்றும் ஜெர்மேனியம்.

அவனுக்கு இரண்டு போதும். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி வரைக்கும் போதும். இரவல் என்றுதான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை திருவேங்கடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, காதைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நாகேந்திரன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். நாளைக்கு. அவ்வளவுதான். பொய் சொல்ல வாயைத் திறக்கவேண்டிய சிரமம்கூட அவனுக்கு வரவில்லை. பதினோரு நாளும் அவர் காதைத் தொட்டார், பதினோரு நாளும் அவன் விரலைத் தூக்கினான். ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை.

கச்சேரி அண்ணனூரில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கோவில் திருவிழாவில். இருட்டிய நேரம். நாகேந்திரன் தன்னுடைய இடம் வந்ததும் பெடலை மிதித்தான். டொக். கிட்டார் உறுமியது. தொண்டைக்குள் மணலைப் போட்டு அரைத்ததுபோல, அடிவயிற்றிலிருந்து, அத்தனை அழகாக உறுமியது. ஜனம் எழுந்து விசிலடித்தது. அந்த விசிலுக்கும் மேலே, தண்டவாளப் பக்கமிருந்து மின்வண்டியின் ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு, அப்புறம் விடாமல்.

"டேய், டிரெயினே உன் சுதியிலதான்டா கத்துது!" என்று ராஜசேகரன் கண்ணடித்தான். நாகேந்திரன் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று வாசித்தான்.

ஷெட்டுக்குத் திரும்பிய காலி வண்டி அது. கச்சேரி கேட்காவிட்டாலும் பார்க்கலாமே என்று வந்த திருவேங்கடம் தண்டவாளத்தைப் பாதி தாண்டியிருந்தார். வழி பூராவும் ஹாரன் அடித்தேனே என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். சட்டைப் பையில் பீடிக்கட்டு மட்டும் இருந்ததாம்.

"பாவம், மிஷின் ரிப்பேர்ல இருந்துது" என்று சாவு வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவனைப் பார்த்து யாரும் சொல்லவில்லை. பாடை கட்ட மூங்கில் பிளந்து கொடுத்தான். தோள் கொடுத்தான். திருவேங்கடத்தின் மனைவி கன்னியம்மாள் அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, மிஷினை உள்ளே வைத்துப் பூட்டிய தன் வீட்டுச் சாவி சட்டைப் பைக்குள் அவனுக்குச் சுட்டது.

பத்தாம் நாள் அவள் வேலியருகே வந்தாள்.

"நைனா, பதினாறாம் நாள் படையல்ல அவுரு மிஷினை வெக்கணும். பீடி, கண்ணாடி, மிஷினு. அதான் அவுருக்கு உசுரு."

"செரி அத்த."

"வெச்சிட்டு அப்பால நம்ம மணவாளன் அண்ணனுக்குக் குடுத்துடலாம்னு. அவுருக்கும் அதே பட்டறதான், அவுருக்கும் காது அவுட்டு. தெனம் அந்தத் தண்டவாளத்தத்தான் தாண்டிப் போறாரு. ரிப்பேர் ஆய்டும் இல்ல? நீ அவுருக்காவ எவ்ளோ கடையேறி எறங்கினியோ, எனக்குத் தெரியும்பா."

அவன் விரல் தானாக உயர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டான்.

பெடலுக்குள் இருந்த இரண்டு டிரான்சிஸ்டரையும் எடுத்து மிஷினில் வைத்தால் முடிந்தது. பதினாறாம் நாளுக்கு மறுநாளே, அந்த உறுமலுக்காகவே ராஜசேகரனைத் தேடி வந்த ஒரு கச்சேரி இருந்தது. நாகேந்திரன் யோசித்தான். யோசித்துக்கொண்டே மூன்று நாளை ஓட்டினான். பதின்மூன்றாம் நாள் மத்தியானம்தான் கிட்டார் இல்லாத பெடலிலிருந்து சட்டைப் பை உரசியது.

பதினாலாம் நாள் அவன் பெடலைத் தொடவில்லை. ஆனால் ஆம்ப்ளிபயரைப் போட்டான். உரசல் இன்றைக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மனசு ஆறும் என்று போட்டான். இருந்தது. கூடவே மூச்சு. பீடிக்காரனின் மூச்சு, ஏறும்போது கரகரவென்றும் இறங்கும்போது லேசாக விசிலடித்துக்கொண்டும். அதற்கு அடியில் டுப், டுப் என்று இன்னொன்று. அது நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சட்டைப் பை நெஞ்சின்மேல்தானே இருக்கிறது.

பிறகு வேலிக் கதவு கிறீச்சிட்டது. அவன் ஜன்னலை எட்டிப் பார்த்தான். வெளியே கதவு அசையவில்லை. வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது.

ஸ்பீக்கருக்குள் செருப்பு நடந்தது. குழாயடி வந்தது, குடம் நிரம்பும் சத்தம் வந்து பின்னால் போயிற்று. சைக்கிள் மணி ஒன்று கடந்தது. அப்புறம் முனைக் கடை உலகநாதனின் குரல், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல:

"இன்னா அண்ணாத்தே, கச்சேரிக்கா? காதே கேக்காது, நீ போயி இன்னா பண்ணப் போற?"

பதில் குரல் வெகு அருகில் எழுந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து, எலும்பு அதிர்ந்து வரும் குரல். அது கத்தவில்லை. காது கேட்கிறவர்கள் பேசுவதுபோல மெதுவாகப் பேசியது.

"மிஷின் வந்துட்சிபா. தம்பி ரிப்பேர் பண்ணிக் குட்துட்டான். மாட்டிக்கினு கீறேன், பாரு."

நாகேந்திரன் ஆம்ப்ளிபயரின் பிளக்கைப் பிடுங்கினான்.

அது கச்சேரி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. அதே சாயந்திரம். ஆனால் அவனால் நடந்துபோன சாயந்திரம் அல்ல. அவன் ஒயரை மட்டும் பற்றவைத்து, மூடியை மூடித் திருப்பிக் கொடுத்திருந்தால் மிஷின் எதையெல்லாம் கேட்டிருக்குமோ, அதையெல்லாம் இப்போது கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நடை எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். அங்கே என்ன வரும் என்றும் தெரியும்.

அன்று இரவு பாக்டரியில் மேஸ்திரி மூன்று தடவை அவனைத் திட்டினார். மூன்றும் அவன் காதில் விழவில்லை.

பதினைந்தாம் நாள். மறுநாள் படையல். பக்கத்து வீட்டில் உரலில் இடிக்கும் சத்தம் காலையிலேயே ஆரம்பித்து, பதினோரு மணிக்கு ஓய்ந்தது. கூரைச் சிமெண்டு ஓடு அனலைக் கக்கியது. பிளக்கைப் போடாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். பன்னிரண்டு மணிவரை அப்படியே இருந்தும் பார்த்தான். கேட்டால் பயமாக இருந்தது. கேட்காவிட்டாலோ, அது எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று தெரியாமல் போயிற்று. இரண்டாவது தாங்கவில்லை. பிளக்கைப் போட்டான்.

ஜல்லி.

ஜல்லிமேல் செருப்பு நழுவி, ஊன்றி, நழுவி நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் மேளம். அதற்கும் தூரத்தில், மெல்லியதாக, ஒரு கிட்டார் சுதி சேர்த்தது. அவனுடைய கிட்டார்.

பெடலின் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். ஜல்லி நடந்துகொண்டே இருந்தது.

சால்டரிங் அயர்னைச் சூடேற்றினான். இரண்டையும் எடுத்துவிடவேண்டும். ஹாரன் வருவதற்குள் எடுத்துவிடவேண்டும். எடுத்து மிஷினில் வைத்து, மூடி, அத்தை கையில் கொடுத்து, கச்சேரியும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம் என்று ஊருக்குப் போய்விடவேண்டும். இந்த ஜாதி டிரான்சிஸ்டரைக் கழற்றும்போது அதன் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, சூடு தலைக்கு ஏறாமல் இடுக்கிக்கு வழித்துவிடவேண்டும். நூறு தடவை செய்திருக்கிறான். இந்தத் தடவை வேர்வையில் இடுக்கி வழுக்கியது. அயர்னின் முனை வெள்ளித் தொப்பியிலேயே பட்டுவிட்டது.

சூடு ஏறியது. சத்தம் பாய்ந்தது.

ஜல்லி ஓடியது. நடை ஓடவில்லை, சத்தம்தான் ஓடியது, டேப்பை விரலால் சுண்டி முன்னே தள்ளியதுபோல. மேளம் கிட்டே வந்தது. விசில். உறுமல். அவனுடைய உறுமல்தான். இரும்பு அதிரத் தொடங்கியது. தண்டவாளம் முதலில் கொசுபோல், பிறகு தேனீபோல், பிறகு ஒரு பாத்திரக் கடையே நடுங்குவதுபோல் பாடியது. நெஞ்சு டுப் டுப் என்றது. செருப்பு இரும்பின்மேல் ஏறியது.

ஹாரன்.

செருப்பு நின்றது.

உடனே நின்றது. ஒரு அடி பின்னால் வைத்தது. இன்னொரு அடி. வண்டி அறையையே பெயர்த்துக்கொண்டு ஸ்பீக்கருக்குள் போயிற்று, பெட்டி பெட்டியாக, ஒன்பது பெட்டி, போய் முடிந்தது. அது போன பிறகு அங்கே ஒரு மூச்சு இரைந்தது. "யம்மாடி" என்றது, நெஞ்சுக்குள்ளிருந்த குரல். "நல்ல வேள. கேட்ச்சி."

நாகேந்திரன் அயர்னைப் பிடித்தபடியே அழுதான். நின்றிருப்பார். கேட்டிருந்தால் நின்றிருப்பார். இத்தனை நாளும் 'வயசாச்சு, இருட்டு, கேட்டிருந்தாலும் தடுமாறியிருப்பாரோ என்னவோ' என்று ஒரு மூலையில் வைத்துக் காப்பாற்றி வந்த சந்தேகம் ஒன்று அவனிடம் இருந்தது. அதுவும் போயிற்று.

செருப்பு கச்சேரிக்குப் போகவில்லை. திரும்பியது.

ஜல்லி. மண் பாதை. முனைக் கடையில் இப்போது குரல் இல்லை. ஷட்டரை வெயில் முறுக்கும் சத்தம். மத்தியானச் சத்தம். குழாயடியில் சொட்டு. நாய் எழுந்து சிலிர்த்துக்கொள்ளும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. வெளியே, ஜன்னலுக்கு அப்பால், அதே நாய் எழுந்து சிலிர்த்துக்கொண்டது.

வேலிக் கதவு. கன்னியம்மாள் வீட்டுக் கதவல்ல. அதைத் தாண்டி வந்தாயிற்று.

அவன் வீட்டுத் தாழ்ப்பாள்.

வாசற்படி. சிமெண்டுத் தரையில் செருப்பைக் கழற்றிவிடும் சத்தம், ஒன்று, அப்புறம் ஒன்று. பிறகு வெறுங்கால்.

ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய சீறல் கேட்டது. அவன் அதைக் கூர்ந்து கேட்டான். ஈயம் சீறிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த அயர்ன்தான். அதற்குப் பக்கத்தில் யாரோ விம்மினார்கள். அவன்தான்.

திரும்பக் கூடாது. அவன் திரும்பவில்லை. சுவரையும் ஸ்பீக்கரையும் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாமா. ஒயரு மட்டும்தான் மாமா."

ஸ்பீக்கர் அதைப் பெரிதாகச் சொன்னது. கச்சேரி மைக்கில் சொல்வதுபோல, அவன் குரலிலேயே. அவனுக்கு நிறுத்த வரவில்லை.

"பத்து நிமிஷ வேலை. அன்னிக்கே முட்ச்சிட்டேன். ரெண்டு டிரான்சிஸ்டரை நான் எட்த்துக்கினேன். இதுக்கு. பெடலுக்கு. எந்தக் கடைக்கும் போவல. நாளைக்குன்னு வெரலத் தூக்கினதெல்லாம் பொய்யி. உன்ன நான்தான்..."

ஸ்பீக்கர் ஒரு சொல்லையும் விடவில்லை. வரிசை முழுக்க ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. ஓடி வரும் காலடி. வளையல். நாளைக்குக் கழற்றவேண்டிய வளையல். வாசலில் வந்து நின்றது.

"யாராண்ட இன்னாடா சொல்லிக்கினு கீற..." என்று ஆரம்பித்தாள் கன்னியம்மாள்.

முடிக்கவில்லை. அவள் எதையோ பார்த்துவிட்டாள்.

நாகேந்திரன் மூச்சை அடக்கிக்கொண்டான். ஸ்பீக்கரில் அவன் மூச்சு நின்றது. தூரத்தில், வாசலில், கன்னியம்மாளின் மூச்சு இரைந்தது. அதற்கு இப்பால் இன்னொரு மூச்சு. ஏறும்போது கரகரவென்று. இறங்கும்போது லேசாக விசிலடித்துக்கொண்டு. அவசரமில்லாமல்.

அது அவன் பிடரியின்மேல் வெதுவெதுப்பாக விழுந்தது.